மறு: வயரிங் ஹார்னஸ் படங்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

கார், விமானம் போன்றவற்றில் பல மின்கம்பிகளைக் கிளைகளோடு சேர்த்துக் கட்டிய தொகுப்பு வயரிங் ஹார்னஸ். அதற்கும் அதன் படங்களுக்கும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த மின்னஞ்சல் இழை நீண்டுகொண்டே போகிறது, நாம் இன்னும் 'ஹார்னஸ்' என்ற ஒற்றைச் சொல்லிலேயே நிற்கிறோம். அதை முதலில் முடித்துவிட்டு, உண்மையிலேயே சிக்கலான இடத்துக்கு வருகிறேன்.

> மின்சேணம் என்று வைக்கலாமே?

வேண்டாம். ஆங்கிலத்தில் 'ஹார்னஸ்' என்ற சொல் குதிரைக்குப் பூட்டும் சேணத்தோடு வந்தது. நாமும் அதே குதிரையில் ஏற வேண்டியதில்லை.

> கம்பிக்கற்றை எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் கற்றை என்றால் ஒரே திசையில் சேர்ந்து போவது. ஹார்னஸின் இயல்பே பிரிவதுதான். காரின் முன்பக்கத்துக்குப் போவதைப் பாருங்கள்: விளக்குக்கு ஒரு கிளை, ஹாரனுக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வேறு நீளம், ஒவ்வொன்றின் நுனியிலும் வேறு இணைப்பி (கனெக்டர்).

> கேபிளுக்கு வடம் இருக்கிறது. எனவே வடக்கோவை.

கோவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒழுங்காகக் கோத்தது என்ற பொருள் சரியாக உட்காருகிறது. ஆனால் 'வடக்கோவை' என்று சொன்னால் கோயம்புத்தூர்க்காரர்கள் வடகோவை ரயில் நிலையத்துக்கு வழி சொல்வார்கள். தவிர, வடம் வேறு, இது வேறு. ஒரே மேலுறைக்குள் பல கம்பிகள் இருந்தால் வடம். அதன் இரு நுனியிலும் இணைப்பி பூட்டினால் வடத்தொகுதி. தனித்தனிக் கம்பிகளை நாடாவாலோ குழாயாலோ சேர்த்துக் கட்டி, கிளைகளோடு செய்வது ஹார்னஸ். ஆகவே 'கம்பிக்கோவை' என்பது என் தேர்வு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலைகளில் 'ஹார்னஸ்' என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். பேச்சில் அது இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

நட்டம் வருவது படங்களின் பெயரில். நம் பட்டியலில் இப்போது நான்கு வெவ்வேறு படங்களுக்கும் 'மின் வரைபடம்' என்றே இருக்கிறது. படத்தின் தோற்றத்தை வைத்துப் பெயர் தேடாமல், அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்த்தால் பெயர் தானாக வரும்.

எது எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று காட்டுவது சுற்றுப்படம். இதில் இடமும் நீளமும் கிடையாது. எந்த இணைப்பியின் எந்த ஊசியிலிருந்து (பின்) எந்த ஊசிக்கு, என்ன நிறம், என்ன தடிமன் என்று சொல்வது இணைப்புப்படம். அதையே அட்டவணையாக எழுதினால் 'இருந்து–வரை' பட்டியல். கிளை எங்கே பிரிகிறது, எவ்வளவு நீளம், எந்த இடத்தில் எந்தக் குழாய், எங்கே பெயர்ச்சீட்டு என்பதெல்லாம் கோவைப்படம். நான்காவது, ஆலையில் பலகைமேல் விரிக்கும் முழு அளவுப் படம். அதற்குப் 'பலகைப்படம்' என்று பெயரிட்டால் பட்டறையில் ஒருவரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இவற்றைப் பிரிப்பது வெறும் சொல்லாசை அல்ல. ஏர்பஸ் ஏ380 விமானம் 2006-இல் தாமதத்தில் சிக்கியதை நினைத்துப் பாருங்கள். அதனுள் ஏறத்தாழ 530 கி.மீ. கம்பி. ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆலையில் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் 4-ஆம் பதிப்பு, பிரான்ஸின் துலூஸில் 5-ஆம் பதிப்பு. ஜெர்மனியிலிருந்து வந்த கோவைகள் துலூஸில் விமானத்துக்குள் பொருந்தவில்லை, கம்பிகள் எட்டவில்லை. எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்பதில் அல்ல, எந்த வழியாக, எவ்வளவு நீளத்தில் போக வேண்டும் என்பதில்தான் அடி விழுந்தது. நம் சொல்லில் சொன்னால், இணைப்புப்படத்தைத் தாண்டிக் கோவைப்படத்தில் வந்த சிக்கல்.

பலகைப்படத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அதில் எண்ணைப் படித்து அளப்பவர் யாருமில்லை, படமே அளவுகோல். ஆணிகளுக்கு நடுவே கம்பியைப் படுக்க வைத்து, கோட்டின் முடிவில் வெட்டுவார்கள். அச்சிடும்போது 'தாளுக்கு ஏற்பச் சுருக்கு' என்ற தேர்வு தப்பித்தவறி இயங்கினால் கோவை முழுவதும் குட்டையாகிவிடும். அதனால்தான் படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, ஸ்கேல் வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். இதற்குச் 'சோதனைக்கோடு' என்பேன்.

இனி, இதுவரை யாரும் எழுப்பாத இரண்டு சொற்கள். என் பார்வையில் இந்த இழையில் மிக அவசரமானவை இவைதான். இணைப்பியைப் படத்தில் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்? மற்றதோடு பொருந்தும் பக்கமா, கம்பி நுழையும் பக்கமா? ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். பழைய கணினிகளின் சீரியல் போர்ட்டில் இருக்கும் ஒன்பது ஊசி டி-சப் இணைப்பியை எடுங்கள். மேல்வரிசையில் 1 முதல் 5 வரை. கணினிப் பக்கத்தில் 2 தரவைப் பெறுவது, 3 அனுப்புவது, 5 பொதுத் தரை. பக்கம் மாறிப் பற்றவைத்தால் 1-ம் 5-ம் இடம் மாறும், 2-ம் 4-ம் மாறும், நடுவில் இருக்கும் 3 மட்டும் தப்பும். இங்கேதான் வேடிக்கை. அனுப்பும் கம்பி சரியாக இருக்கிறது, தொடர்ச்சி பார்த்தால் மீட்டரும் அந்த ஊசியில் கூவுகிறது, ஆனால் கருவி பேசாது. எனவே 'பொருந்துமுகம்', 'கம்பிமுகம்' என்ற இரண்டையும் பட்டியலில் சேர்ப்போம். ஒவ்வோர் இணைப்பிப் படத்தின் அடியிலும் இரண்டில் ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று குறிப்பும் போடுவோம்.

> நிறங்களுக்கும் தமிழ்ச் சுருக்கெழுத்து வேண்டும். சி, ப, நீ, ம...

இதை மட்டும் கடுமையாக எதிர்க்கிறேன். பச்சையும் 'ப', பழுப்பும் 'ப'. ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்பத் தரநிலை அமைப்பின் முறைப்படி பழுப்பு மின்னோட்டம் வரும் கம்பி, பச்சை-மஞ்சள் தரைக் கம்பி. இரண்டுக்கும் ஒரே எழுத்து என்றால் யாராவது ஷாக் வாங்குவார்கள். 'ஊதா'வை நம் ஊரில் பலர் நீலத்துக்கும் சொல்வார்கள் என்பது தனிக்கதை. ஐஇசி 60757 தரும் ஈரெழுத்துக் குறிகளை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தின் ஓரத்தில் முழுத் தமிழ்ப் பெயரோடு ஒரு விளக்கப்பட்டியல் போடுவது போதும். வண்டிகளில் மின்சுற்றை இயக்கி நிறுத்தும் ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று பொறித்திருப்பதும் இப்படித்தான். அது ஜெர்மன் தரநிலையின் எண், ஆனால் எந்த ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் அது சொந்த மொழி. குறிகளை மொழிபெயர்ப்பது கலைச்சொல் வேலை ஆகாது.

வயர்விஸ் கையேட்டைத் தமிழாக்கும் நண்பருக்கு: அந்தக் கட்டற்ற மென்பொருள், எழுத்தாகக் கொடுக்கும் விவரத்தைப் படமாக்கி, பொருட்பட்டியலையும் சேர்த்துத் தருகிறது. அருமையான கருவி. ஆனால் அதன் படத்தில் அளவுவிகிதம் இல்லை. கம்பி நீளத்தை எண்ணாக எழுதலாம், கிளை பிரியும் இடத்தை அளவோடு வரைய முடியாது. ஆகவே அது தருவது இணைப்புப்படம்தான். ஆங்கிலக் கையேட்டில் ஹார்னஸ் என்ற சொல் வருகிறதே என்று கோவைப்படம் எனப் பெயர்க்காதீர்கள்.

கடைசியாக, கம்பியின் நடுவில் இன்னொரு கம்பியைச் சேர்க்கும் ஸ்பிளைஸ். பட்டறையில் 'ஜாயின்ட்' என்கிறார்கள், ஆனால் நுனியில் சேர்ப்பதற்கும் அதே சொல். 'இடையொட்டு' என்று எழுதிப் பார்த்தேன். பசை போட்டு ஒட்டியது போலத் தொனிக்கிறதோ என்று ஐயம். 'இடைப்பூட்டு' சரிவருமா? நெரித்துப் பூட்டுவதற்குப் பொருந்தும், ஈயம் வைத்துப் பற்றவைத்ததற்குப் பொருந்துமா என்று கைவேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.