சிக்கனம் என்று எழுதியிருந்த அட்டை

பட்டர்வொர்த் வீட்டுக் குழு, வியாழக்கிழமை இரவு

அம்மா, 8.05
அண்ணி, வணக்கம். தம்பி மலேசியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மியூயெட் ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சியாக எழுதிய கடிதத்தை ஆசிரியை இன்று திருத்திக் கொடுத்திருக்கிறார். ‘என் அம்மா பார்சிமோனியஸ் ஆனவர், அவரால்தான் எங்கள் குடும்பம் தலைநிமிர்ந்தது’ என்று எழுதிய இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘அம்மாவைப் புகழ்கிறாயா, குறை கூறுகிறாயா?’ என்று ஓரத்தில் கேட்டிருக்கிறார். பையன் மத்தியானத்திலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

தம்பி, 8.09
அத்தை, அந்தச் சொல்லை, மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்கு அக்கா வைத்திருக்கும் சொல் அட்டைகளிலிருந்து எடுத்தேன். அட்டையின் பின்பக்கத்தில் ‘சிக்கனம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மாவின் சிக்கனத்தைச் சொல்வதற்கு உயர்ந்த சொல்லாக ஒன்று வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

நான், 8.14
அந்த அட்டையை எழுதியவள் நான்தான், ஆகவே தவறு என்னுடையது. அத்தை, நான் இதுவரை 900 அட்டைகள் எழுதிவிட்டேன். வேலை முடிந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலிருந்து வரும் தொழிற்சாலைப் பேருந்து பாலத்து நெரிசலில் நிற்கும் நேரமெல்லாம் அவற்றைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழில் ஒரே ஒரு சொல். இருந்தும் சென்ற ஞாயிற்றுக்கிழமை எழுதிய மாதிரித் தேர்வில், 130 முதல் 170 வரையுள்ள வெர்பல் (மொழித்திறன்) அளவுகோலில் எனக்கு 149தான் கிடைத்தது. சொற்கள் எல்லாம் தெரிந்தவையாகவே இருந்தன, விடைகள்தான் தவறின.

அத்தை, 8.31
தம்பி, முதலில் போய்ச் சாப்பிடு. உன் எண்ணத்தில் குறை ஒன்றும் இல்லை.

இருவருக்கும் சொல்கிறேன். நம் பேச்சில் சிக்கனக்காரர் ஒருவர், கஞ்சன் ஒருவர். இருவரும் செய்வது ஏறக்குறைய ஒரே காரியம்தான், இருவரும் காசைக் கையை விட்டு விடுவதில்லை. ஆனாலும் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைக் கஞ்சன் என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தச் சம்பந்தம் நிற்குமா? அந்த வேற்றுமைதான் ஃப்ரூகல் என்ற சொல்லுக்கும் பார்சிமோனியஸ் என்ற சொல்லுக்கும் இடையே பெரும்பாலும் இருக்கிறது. முன்னது மெச்சுகிறது, பின்னது முகம் சுளிக்கிறது. உன் அக்கா அட்டையில் சொல்லின் பொருளை எழுதினாள், அந்தச் சொல் பேசும்போது அதன் முகம் எப்படி இருக்கும் என்பதை எழுதவில்லை. பொருளை மட்டும் படித்தவருக்குச் சொல் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது என்பது, இத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று.

மாமா, 8.40
அக்கா, நான் 2009இல் கோலாலம்பூரில் இதே ஜி.ஆர்.இ. தேர்வை எழுதியபோது சொற்பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஓரளவு பலன் இருந்தது. அப்போது ஒரு சொல்லைத் தனியாகக் கொடுத்து அதன் எதிர்ச்சொல்லைக் கேட்பார்கள், இரண்டு சொற்களின் உறவைக் காட்டி அதே உறவுள்ள வேறு இணையைத் தேடச் சொல்வார்கள். 2011 ஆகஸ்டில் அந்த இரண்டு வகைக் கேள்விகளையும் நீக்கிவிட்டார்கள், 200 முதல் 800 வரை இருந்த பழைய அளவுகோலும் அத்தோடு போயிற்று. பட்டியலைப் படி என்று பாப்பாவுக்கு ஆலோசனை சொன்னவன் நான்தான். பழைய தேர்வை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன் என்பது இப்போது புரிகிறது.

நான், 8.52
மாமா, இப்போதைய வெர்பல் பகுதியில் 27 கேள்விகள்: முதற்பிரிவில் 12, அதற்கு 18 நிமிடம், அடுத்த பிரிவில் 15, அதற்கு 23 நிமிடம். முதற்பிரிவை நாம் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் பிரிவின் கடினம் அமைகிறது. வாசிப்புப் பத்திகளைத் தவிர்த்துப் பார்த்தால் மற்றவை எல்லாம் வாக்கியத்தில் விடுபட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளே. அவற்றில் ஒரு வகையில் ஆறு சொற்களிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டில் எதை வைத்தாலும் வாக்கியம் ஒரே பொருளைத் தர வேண்டும், ஒன்று மட்டும் சரியாக இருந்தால் அரை மதிப்பெண்கூடக் கிடையாது.

நான் சறுக்கிய கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வரியில் முடிய வேண்டிய பதிலுக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு எல்லாரையும் களைப்படையச் செய்யும் மனிதரைப் பற்றிய வாக்கியம் அது. நான் லொக்வேஷியஸ், எலக்வென்ட் ஆகிய இரண்டையும் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் என் அட்டைகளில் இரண்டுக்கும் பின்னால் ‘பேச்சாளர்’ என்றுதான் இருந்தது. சரியான இணை லொக்வேஷியஸும் கேரலஸும், இரண்டுமே ஓயாமல் பேசுபவரைக் குறிப்பவை.

அத்தை, 9.10
நீ தேர்ந்தெடுத்த லொக்வேஷியஸ், எலக்வென்ட் இரண்டும் பேசுதல் என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து முளைத்தவை. ஒன்று வளவளவென்று பேசுபவரைக் காட்டுகிறது, மற்றது நாவன்மை உடையவரைக் காட்டுகிறது. வேர்ச்சொல் படிப்பதை நான் ஆதரிப்பவள்தான், ஆனால் அது சொல்லின் வீட்டுத் தெருவை மட்டும் காட்டும், கதவைக் காட்டாது. எனர்வேட் என்ற சொல்லைப் பார். எனர்ஜி என்ற சொல்லுக்கு உறவுபோல நிற்கிறது. உண்மையில் தசைநாரை அறுத்து எடுத்துவிட்டாற்போலத் துவளச் செய்வது என்பதே அதன் பிறப்பு. நம் நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் பூவின் மணத்தைக் குறித்தது, இன்று யாராவது மல்லிகையை நாற்றம் என்பார்களா?

தெரியாத சொற்களைவிடத் தெரிந்த சொற்களே உன்னை அதிகம் கவிழ்க்கும் என்பதையும் மனத்தில் வை. தொழிற்சாலையில் குவாலிஃபைட் என்றால் தகுதி பெற்றது என்று நாள் முழுவதும் சொல்கிறீர்கள். ஒரு விமர்சகர் குவாலிஃபைட் பாராட்டு அளித்தார் என்று தேர்வில் வந்தால், அவர் தயக்கத்தோடு, நிபந்தனை வைத்துப் பாராட்டினார் என்று பொருள்.

நான், 9.16
அந்தச் சொல்லுக்கு நான் அட்டையே எழுதவில்லை, அத்தை.

அத்தை, 9.27
எழுதியிருக்க மாட்டாய், தெரியும். இனிமேல் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். அட்டையின் பின்பக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: நீயே கட்டிய ஒரு வாக்கியம், அந்தச் சொல் மெச்சுகிறதா வைகிறதா என்பது, எந்தச் சொல்லோடு அதைக் குழப்பிக்கொள்வாய் என்பது. பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் உள்ளவற்றை நாள் விட்டு, வாரம் விட்டுப் பார்த்தால் போதும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970களில் பரப்பிய முறை இது. படித்தது முதல் சில நாள்களிலேயே வேகமாக மறந்துபோகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885ஆம் ஆண்டிலேயே தம்மையே சோதித்து எழுதிவைத்தார். மறக்கப் போகும் தறுவாயில் பார்த்தால்தான் சொல் நிலைக்கும்.

தம்பி, உனக்கு இந்த அட்டைகள் இப்போது வேண்டாம். ஆறாம் படிவத்து மாணவனுக்கு மியூயெட்டில் மொத்தம் 360 மதிப்பெண். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஒவ்வொன்றுக்கும் 90. எழுத்தில் முதற்பணிக்கு 100 சொற்களுக்குக் குறையாமல் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுத வேண்டும். அதைப் படிப்பவருக்கு உன் கருத்து தடங்கலின்றிப் புரிய வேண்டும், அதற்கு உனக்கு நன்றாகப் பழகிய சொல்லே கைகொடுக்கும்.

நான், 9.41
அத்தை, முதல் அட்டையை இப்போதே எழுதிவிட்டேன்: ‘பினாங்கு வெயில் அவளை எனர்வேட் செய்தது.’ இப்படி இருக்கலாமா?

அத்தை, 9.44
சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கோடாக விட்டுப் பார். வெயில் அவளைக் கறுக்கச் செய்தது என்றும் போடலாம், எரிச்சலூட்டியது என்றும் போடலாம். தேர்வில் வரும் வாக்கியம் அப்படி இருக்காது, விடைக்கு வேண்டிய தடயத்தை அது தனக்குள்ளேயே வைத்திருக்கும். உன் வாக்கியமும் அப்படி இருக்கட்டும்.

நான், 9.55
‘தொடர்ந்து மூன்று இரவு ஷிப்டுகள் அவளை எனர்வேட் செய்திருந்ததால், பேருந்து வீட்டு வாசலிலேயே வந்து நின்றும் இருக்கையை விட்டு எழுந்திருக்க அவளால் முடியவில்லை.’

அத்தை, 9.57
இதில் சொல்லை எடுத்தாலும் பொருள் நிற்கிறது. அட்டையில் ஏற்றிக்கொள், மகளே.

தம்பி, 10.06
அத்தை, சாப்பிட்டுவிட்டேன். கடிதத்தையும் திருத்திவிட்டேன்: ‘என் அம்மா ஃப்ரூகல் ஆனவர். சந்தையில் மிச்சம் பிடித்த சில்லறையை மைலோ டின்னில் சேர்த்து, அக்காவின் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணத்தை ஒரு சென் கடன் வாங்காமல் கட்டினார்.’ நாளைக் காலையில் ஆசிரியையிடம் கொடுத்துவிடுகிறேன்.