'மா' என்ற ஓரெழுத்துச் சொல்: மொழிக்கு மொழி பொருள் மாறுவது எப்படி?

கேள்வி: நெய்தல்

தமிழில் 42 எழுத்துகள் தனித்து நின்றே சொல்லாகும் என்று நன்னூல் கூறுகிறது. அவற்றுள் 'மா' ஒன்றுக்கே மாமரம், விலங்கு, குதிரை, திருமகள், பெருமை, கருமை, அரைத்த மாவு, நிலஅளவு எனப் பொருள்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஹனோயில் பணிபுரியும் என் உறவினர் ஒருவர், வியட்நாமிய மொழியில் இதே ஒலிக்குப் பேய், 'ஆனால்' என்ற இணைப்புச்சொல், தாய், கல்லறை, குதிரை, நாற்று என ஆறு பொருள்கள் உண்டு என்றும், கேட்பவர்கள் சிறிதும் குழம்புவதில்லை என்றும் சொல்கிறார். எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. அவர்கள் இவற்றை எவ்வாறு பிரித்தறிகிறார்கள்? சீனத்திலும் 'மா' என்றால் குதிரை என்பதால், தமிழுக்கும் சீனத்துக்கும் தொடர்பு உண்டு என்று கொள்ளலாமா? தாயைக் குறிக்கும் சொல் மட்டும் இத்தனை மொழிகளில் மகரத்தோடு வருவது ஏன்?

பதில்: தென்கிழக்கான்

முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். நமக்கு ஒரே ஒலியாகக் கேட்பது அவர்களுக்கு ஒரே ஒலி அன்று. தமிழில் குறிலும் நெடிலும் சொல்லையே மாற்றிவிடுவதுபோல, அந்த மொழிகளில் குரலின் ஏற்ற இறக்கமும் சொல்லின் பிரிக்கமுடியாத உறுப்பாகும். நாம் 'வந்தான்' என்பதன் இறுதியில் குரலை உயர்த்தினால் வாக்கியம் வினாவாகிறதே தவிர, 'வந்தான்' என்ற சொல் வேறு சொல்லாகிவிடுவதில்லை. சீனத்தில் குரலை மனம்போல உயர்த்தினால் சொல்லே மாறிவிடும். வாக்கிய இறுதியில் சேர்ந்து அதை வினாவாக்கும் இடைச்சொல் ஒன்றும் அங்கே உண்டு. அதுவும் 'மா' தான். 'அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?' என்பதை மாண்டரின் சீனத்தில் நான்கு 'மா'க்களால் கேட்டுவிடலாம். தாய் உயர்ந்த சுருதியில் நேராக நிற்கும். திட்டுதல் மேலிருந்து சட்டென இறங்கும். குதிரை அடிச்சுருதியில் தங்கும். வினா எழுத்து அழுத்தமின்றி ஒட்டிக்கொள்ளும்.

நான் பாங்காக்கில் தாய்லாந்து மொழி கற்றபோது, என்னைப் போன்ற தமிழர்களுக்குப் பெரும் தொல்லையாக இருந்தவை நாயும் குதிரையும். நடுச்சுருதியில் சொல்லும் 'மா' வருதலைக் குறிக்கும். நாயைக் குறிப்பது தாழ்விலிருந்து மேலே ஏறும். குதிரையைக் குறிப்பதோ உயர்ந்த சுருதிக்குரியது என்று இலக்கணம் சொன்னாலும், இன்றைய பாங்காக் பேச்சில் அதுவும் கடைசியில் சற்று மேலேறுகிறது. ஆகவே முடிவைக் கேட்டுப் பயனில்லை. ஒலி எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் காது பிடிக்க வேண்டும். எழுத்தில் இந்தச் சிக்கல் இல்லை. குதிரையின் மேல் ஒரு சுருதிக்குறி இருக்கும். நாய்க்கு முன்னால், தானாக ஒலிக்காமல் சுருதியை மட்டும் மாற்றும் ஹகர எழுத்து ஒன்று நிற்கும்.

பதில்: வேலிக்கணக்கு

தமிழ் 'மா'வைப் பற்றி ஒரு சொல். நிலஅளவைக் குறிக்கும் 'மா' பழைய பின்னக் கணக்கிலிருந்து வந்தது. ஒன்றில் இருபதில் ஒரு பங்கு 'மா', எண்பதில் ஒரு பங்கு 'காணி'. அதனால்தான் தஞ்சாவூர்ப் பகுதியில் 20 மா சேர்ந்தது ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர் என்பதால், ஒரு மா சுமார் 33 சென்ட். எங்கள் பக்கத்து முதியவர்கள் இன்றும் 'மூணு மா நடவு முடிஞ்சுது' என்றுதான் சொல்வார்கள். அதை எவரும் மூன்று மாமரம் என்று கொள்வதில்லை. நமக்குச் சுருதி இல்லாவிட்டாலும், பக்கத்தில் நிற்கும் சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அகராதியில் ஒரே தலைப்பின் கீழ் அடுக்கியிருப்பதால் இவை எல்லாம் ஒரே சொல்லின் கிளைகள் என்று எண்ணிவிடக் கூடாது. பின்னமும் மாம்பழமும் வெவ்வேறு சொற்கள். ஒலியில் மட்டுமே ஒன்றுபட்டவை.

பதில்: வேர்ச்சொல் தேடி

இரண்டாம் ஐயத்தில் வரும் குதிரையை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தமிழில் மா, சீனத்தில் மா, தாய்லாந்தில் மா, வியட்நாமில் மா, ஜப்பானில் உமா, கொரியாவில் மல். ஐந்தாறு மொழிகள் ஒரே விலங்கை ஒரே ஒலியால் அழைக்கும்போது அதைத் தற்செயல் என்று சொல்வது சோம்பல் அல்லவா? கடல் வணிகத்தின் வழியே தமிழ்ச் சொல் கிழக்கே சென்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பதில்: ஆலமரத்தடி

வேர்ச்சொல் தேடி அவர்களே, உங்கள் பட்டியலில் தமிழை நீக்கிவிட்டால் மீதியில் பெரும்பகுதி சரியானதே. தாய்லாந்தும் வியட்நாமும் அச்சொல்லைச் சீனத்திலிருந்து பெற்றன. ஜப்பானிய, கொரிய வடிவங்களையும் அதே வட்டத்தில்தான் ஆய்வாளர்கள் வைக்கிறார்கள். ஆனால் சீனச் சொல்லே தொடக்கத்தில் வெறும் 'மா' அன்று. பழஞ்சீன வடிவத்தை மீட்டுருவாக்குவோர் மகரத்தை அடுத்து ஒரு ரகரத்தையும், இறுதியில் தொண்டையடைப்பு ஒலி ஒன்றையும் காண்கிறார்கள். பழைய திபெத்திய, பர்மிய வடிவங்களிலும் அந்த ரகரம் உண்டு. அதாவது, சீனம் தமிழை நெருங்கி ஒலிப்பது ரகரம் தேய்ந்த பிற்காலத்தில்தான். கடன் வாங்கிய சொல்லானால், காலம் பின்னே போகப் போக ஒற்றுமை கூடவேண்டும், இங்கே குறைகிறது.

தமிழ்ப் பக்கமும் பாருங்கள். நம் 'மா' முதலில் பொதுவாக விலங்கு. குதிரையைத் தெளிவாகச் சொல்லப் 'பரிமா', சிங்கத்துக்கு 'அரிமா', யானைக்குக் 'கைம்மா' என்று அடைமொழி சேர்த்தார்கள். குதிரை என்பது அதன் பொருள்களில் ஒன்று மட்டுமே.

மூன்றாம் ஐயத்துக்கு வருகிறேன். ஜார்ஜ் மர்டாக் என்ற மானிடவியலாளர் உலக மொழிகளிலிருந்து தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டினார். அதன் அடிப்படையில் ரோமன் யாகப்சன் 1959-இல் ஒரு விளக்கம் அளித்தார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் மூடியிருக்கும்போது மூக்கின் வழியாக வரும் முனகலே பின்னர் பாலையும் தாயையும் கேட்கும் ஒலியாகிறது என்பது அதன் சாரம். குழந்தை ஒலிக்கிறது, பொருளைப் பெரியவர்கள் ஏற்றுகிறார்கள். விதிவிலக்குகளே இதை நன்கு காட்டும்: ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, 'தேதா' என்றால் தாய். ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜஜாரா மொழியிலும் 'மாமா' தந்தைதான். நமக்கு அவர் தாயின் உடன்பிறந்தவர். வட அமெரிக்காவின் மோஹாக் மொழியில் ம, ப போல இரு இதழ்களையும் மூடி ஒலிக்கும் மெய்களே இல்லாததால், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

உண்மையான உறவு எங்கே என்று தேடுவதானால், சமஸ்கிருதத்தின் விலக்குச் சொல்லான 'மா'வைப் பாருங்கள். வைணவர் சரம சுலோகத்தின் முடிவில் ஓதும் 'மா சுச:' என்பதில் வரும் 'மா' அதுதான். வருந்தாதே என்பது பொருள். கிரேக்கத்தில் அதே வேலையைச் செய்யும் 'மே' அதற்கு உடன்பிறப்பு. நைஜீரியாவின் யொருபாவிலும் 'மா' என்றால் 'செய்யாதே'. அது முற்றிலும் தற்செயல். அரபியில் 'மா' என்பது 'என்ன' என்றும் 'இல்லை' என்றும் நிற்கும். இத்தாலியத்தில் 'ஆனால்', ஹங்கேரியத்தில் 'இன்று', பாரசீகத்தில் 'நாம்'. ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த எளிய ஒலியை எல்லா மொழிகளும் எடுத்தாள்கின்றன. ஆகவே ஒரே பொருளில் இரண்டு மோதிக்கொள்வது வியப்பில்லை.

நெய்தல்

விளக்கங்களுக்கு நன்றி. வியட்நாமிய மொழிக்கு அந்தச் சுருதிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் யாரேனும் எழுதினால் நன்று. அதன் உறவு மொழியான, கம்போடியாவின் கெமரில் சுருதி இல்லையே.

பதில்: தென்கிழக்கான்

அதற்கான விடையை 1954-இல் ஒத்ரிகூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தந்தார். வியட்நாமியமும் பழங்காலத்தில் சுருதியற்ற மொழியே. சில சொற்களின் இறுதியில் தொண்டையடைப்பு இருந்தது, சிலவற்றில் ஹகரம் போன்ற மூச்சொலி இருந்தது, மற்றவற்றில் இரண்டும் இல்லை. இறுதி ஒலிகள் தேய்ந்து மறைந்தபோது, அவை குரலில் விட்டுச்சென்ற ஏற்ற இறக்கமே சொற்களைப் பிரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இவ்வாறு மூன்று சுருதிகள் பிறந்தன. பின்னர் சொல்லின் முதலில் இருந்த வல்லொலி, மெல்லொலி (p, b போன்ற) வேறுபாடு மறைந்தபோது, மூன்றும் இரண்டிரண்டாகப் பிளந்து ஆறாயின. இது 12-ஆம் நூற்றாண்டளவில் முடிந்தது என்பது அவர் கணிப்பு. தெற்கே சைகோன் பக்கம் அந்த ஆறில் இரண்டு மீண்டும் ஒன்றாகிவிட்டன. ஹனோயில் கல்லறைக்கும் குதிரைக்கும் ஒலி வேறு. சைகோனில் இரண்டும் ஒன்றே. அங்கே அவர்களும் தஞ்சாவூர் விவசாயியைப் போலப் பக்கத்துச் சொல்லைக் கொண்டே புரிந்துகொள்கிறார்கள்.