கசிவை அடைத்தாலும் நிற்காத பழைய லோரி எஞ்சின்: ஆலோசனை தேவை

வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் என் 1998ஆம் ஆண்டு லோரியின் எஞ்சினில், ஓரிடத்தில் கசிவை அடைத்தால் வேறோர் இடத்தில் எண்ணெய் கசிகிறது. டர்போ இல்லாத 2.8 லிட்டர் இசுசு 4ஜேபி1 டீசல் எஞ்சின் அது.

பிப்ரவரியில் டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) கேஸ்கெட்டையும், ஏப்ரலில் கியர்பாக்ஸை இறக்கிப் கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீலையும் மாற்றினேன். ஆறு வாரங்கூடத் தாங்கவில்லை. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகாமல் வைத்தால் துள்ளி விழுகிறது. எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயில் புகை விட்டுவிட்டு அடிக்கிறது. பாரத்தோடு மேடேறுகையில் நீலப்புகை. வாரத்திற்கு இரண்டு லிட்டர் எண்ணெய் குறைகிறது.

பிரீதர் குழாயைக் கழற்றிக் கழுவினேன், அடைப்பில்லை. ஆல்டர்னேட்டரோடு இணைந்த, பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் தேய்ந்தாலும் கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிக்கூட்டில்) அழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளும் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னதால், நிறுத்திய வண்டியில் பம்பைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றி இரண்டு நிமிடம் ஓட்டியும் பார்த்தேன், புகை குறையவில்லை. (சீலுக்குச் செலவழிக்கும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.) கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவை) அளந்ததில் 1, 2, 4ஆம் சிலிண்டர்கள் 400 பிஎஸ்ஐயை ஒட்டியிருக்க, மூன்றாவது மட்டும் 290 காட்டியது, அதில் சிறிது எண்ணெய் விட்டு அளந்தபோது, எண்ணெய் ரிங் இடைவெளியை அடைத்து 360க்கு ஏறியதால், வால்வைவிடப் பிஸ்டன் ரிங்கையே சந்தேகிக்கிறேன்.

இந்நிலையில் மூன்றாம் சிலிண்டரின் ரிங்கையும் லைனரையும் (சிலிண்டரின் உள்ளுறை) மட்டும் மாற்றினால் போதுமா, நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா?