டெக்சஸ் ரிசர்வ் போலீஸ்: 48 மணி நேரப் பயிற்சி முடித்தும் கணக்கில் 16 தான் காட்டுகிறது. என்ன செய்வது?

கேட்டி குமரன் (ஜூலை 2025)

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு சின்ன நகரக் காவல் துறையில் சம்பளமில்லாத ரிசர்வ் அதிகாரியாக இருக்கிறேன். வார நாட்களில் ஐ.டி. வேலை, சில வார இறுதிகளில் ரோந்து. லைசன்ஸ் வாங்கியது 2018-இல்.

நடப்புப் பயிற்சிக் காலம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் 40 மணி நேரம் காட்டியாக வேண்டும். நேற்று டிகோலின் (போலீஸ் லைசன்ஸ் தரும் மாநிலக் கமிஷன்) மைடிகோல் இணையக் கணக்கில் நுழைந்து பி.எஸ்.ஆர். என்கிற என் பயிற்சிப் பதிவு அறிக்கையை எடுத்துப் பார்த்தால் 16 மணி என்று நிற்கிறது. என்னிடம் உள்ள சான்றிதழ்களைக் கூட்டினால் 48 வருகிறது.

88-வது சட்டமன்றக் கூட்டத்தொடரின் சட்டத் திருத்த வகுப்பு 4 மணி. பக்கத்துக் கவுண்டியில் நேரில் போய் முடித்த அலர்ட் பயிற்சி (துப்பாக்கியோடு சுட்டுக்கொண்டிருப்பவரை எதிர்கொள்வது) 16. துப்பாக்கித் தகுதித் தேர்வு இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 8. வெளிமாநில நிறுவனம் ஒன்றின் ஆன்லைன் வகுப்பு 8. பண்பாட்டுப் பன்முகத்தன்மை 8. காது கேளாத ஓட்டுநர்களை அணுகும் முறை 4. இவற்றில் சட்டத் திருத்தம், பன்முகத்தன்மை, காது கேளாதோர் வகுப்பு இந்த மூன்று மட்டும்தான் ஏறியிருக்கின்றன.

சான்றிதழ்களை ஸ்கேன் செய்து டிகோலுக்கு நானே அனுப்பினால் ஏற்றிவிடுவார்களா? ரிசர்வ் என்பதால் ஏதாவது தளர்வு உண்டா?

மதுரை வாசகன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் சார். போலீசுக்கு லைசன்ஸா? இங்கே தேர்வு எழுதி, பயிற்சி முடித்து, வேலையில் சேர்ந்தால் ஓய்வு வரைக்கும் போலீஸ்தானே?

911 செல்வி

டெக்சஸில் வேலை தருவது நகரமோ கவுண்டியோ. லைசன்ஸ் தருவது மாநில அளவில் உள்ள சட்ட அமலாக்கக் கமிஷன், சுருக்கமாக டிகோல். ஒரு ஊரில் வேலையை விட்டு வேறு ஊரில் சேர்ந்தாலும் லைசன்ஸ் அதேதான், கூடவே வரும். டாக்டர், நர்ஸ் மாதிரி அவ்வப்போது படித்துக் காட்டாவிட்டால் அதற்கு ஆபத்து. அவசர அழைப்பு எடுக்கும் எங்களுக்கும் தனி லைசன்ஸ் உண்டு. எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு 20 மணி, அவர்களுக்கு 40.

டல்லாஸ் பாண்டியன்

தம்பி, நான் எங்கள் துறையில் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் வேலையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஆகஸ்ட் வந்தால் எனக்கு இதே பஞ்சாயத்துதான்.

முதலில் ரிசர்வ் கேள்வி. தளர்வு கிடையாது. சம்பளம் வாங்குகிறவரோ வாங்காதவரோ, கையில் இருப்பது அதே சமாதான அதிகாரி (போலீஸ்) லைசன்ஸ். தொழில்கள் சட்டத்தின் 1701-வது அத்தியாயம் 24 மாதத்துக்கு 40 மணி என்கிறது. முடிக்காதவரின் லைசன்ஸை கமிஷன் இடைநிறுத்தலாம். நிறுத்தினால் பேட்ஜைக் குத்திக்கொண்டு ரோந்துக்குப் போக முடியாது.

இப்போது ஒவ்வொன்றாக.

துப்பாக்கித் தகுதித் தேர்வை மறந்துவிடு. அது வருடா வருடம் துறை நடத்தியே ஆக வேண்டியது, பதிவும் துறையிடம்தான் இருக்க வேண்டும். ஆனால் தொடர் கல்விக்கு மணி நேரம் தர மறுக்கலாம் என்று டிகோல் விதிகளின் 218-வது அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக அந்த 8 போனது போனதுதான்.

வெளிமாநில வகுப்பு: அந்த மாநிலத்தின் போலீஸ் தரக் குழு அங்கீகரித்த பாடமா என்று பார். அங்கீகாரம் இருந்தால் சான்றிதழோடு உன் துறை ஒருங்கிணைப்பாளரிடம் கொடு, அவர் முயற்சி செய்யட்டும். ‘நாடு முழுவதும் ஏற்கப்படும்’ என்று விளம்பரத்தில் மட்டும் இருந்தால் விட்டுவிடு. ஆறு வாரத்தில் அதோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

அலர்ட்தான் முக்கியம். 16 மணி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2023-இல் வந்த சட்டத்தால் ஒவ்வொரு பயிற்சிக் காலத்திலும் அது கட்டாயம். வேறு வகுப்பால் 40 நிரப்பினாலும் அது இல்லாவிட்டால் குறைதான். நீ சான்றிதழை டிகோலுக்கு அனுப்பிப் பயனில்லை. வகுப்பை நடத்தியவர்கள்தான் ஏற்ற வேண்டும், அதுவும் 30 நாளுக்குள். நடத்திய கவுண்டியின் ஒருங்கிணைப்பாளரைப் போனில் பிடி. வருகைப் பதிவேட்டில் உன் பி.ஐ.டி. எண் (டிகோல் உனக்குத் தந்த அடையாள எண்) சரியாக இருக்கிறதா என்று கேள். பத்தில் எட்டு கேஸ் அங்கேதான் மாட்டியிருக்கும்.

911 செல்வி

எண்ணோடு பெயரையும் பாருங்கள் தம்பி. நம் ஆட்களுக்கு அப்பா பெயர்தான் கடைசிப் பெயர், சிலருக்கு அது முன்னால் வந்துவிடும். பதிவேட்டில் ஒரு வரிசை, லைசன்ஸில் வேறு வரிசை என்றால் தட்டச்சு செய்கிறவர் ஆளைத் தேடுவார், கிடைக்காது, அப்படியே விட்டுவிடுவார். என்னுடைய ஒரு வகுப்பு இப்படித்தான் மாதக்கணக்கில் தொங்கியது.

ஆஸ்டின்வாசி

எனக்கென்னவோ இது முழுக்கப் படிவம் நிரப்புகிற சடங்காகத்தான் தெரிகிறது. வீடியோவை ஓடவிட்டு, கடைசியில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் நல்ல போலீஸ் ஆகிவிடுவார்களா?

டல்லாஸ் பாண்டியன்

சில ஆன்லைன் வகுப்புகள் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 2022 மே 24 அன்று டெக்சஸின் யுவால்டி ஊரில் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். மாநிலப் பிரதிநிதிகள் சபை அறிக்கைப்படி 376 அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைக்குள் நுழைய ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. அலர்ட் சட்டம் அடுத்த வருடமே வந்ததற்கு அதுதான் காரணம். அந்த வகுப்பில் வீடியோ ஓட்ட முடியாது. காலிப் பள்ளிக் கட்டடத்தில், பெயிண்ட் குண்டு போடும் துப்பாக்கியோடு, தனியாகக் கதவைத் திறந்து உள்ளே போகச் சொல்வார்கள். வியர்த்துக் கொட்டும்.

பதற்றம் தணிக்கும் பயிற்சிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. சாலையில் காரை நிறுத்திய போலீசோடு வாக்குவாதம் முற்றிக் கைதாகி, 2015-இல் வாலர் கவுண்டி சிறையில் இறந்த சாண்ட்ரா பிளாண்ட். அவர் பெயரில் 2017-இல் வந்த சட்ட மசோதாவின் எண் 1849. டிகோலில் பதற்றம் தணிக்கும் பாடத்தின் எண்ணும் 1849.

கேட்டி குமரன்

பாண்டியன் அண்ணா, செல்வி அக்கா, இரண்டு பேர் சொன்னதும் பலித்தது. கவுண்டியில் போன் செய்து கேட்டேன். பதிவேட்டில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறிக் கிடக்கிறது, பி.ஐ.டி. எண்ணில் ஒரு இலக்கம் வேறு. கையெழுத்தில் 1 என்று இருப்பதை 7 என்று அடித்திருக்கிறார்கள். திருத்தி அனுப்புவதாகச் சொல்லி, சான்றிதழின் நகலை மின்னஞ்சலில் கேட்டார்கள். அனுப்பிவிட்டேன்.

அது ஏறினால் 32. மீதி 8-க்கு என்ன எடுப்பது? ஆன்லைனில் கையில் கிடைத்ததை எடுத்துவிடலாமா? காது கேளாதோர் வகுப்பை மறுபடி எடுத்தால் சீக்கிரம் முடியும், பாடம் தெரிந்ததுதான்.

டல்லாஸ் பாண்டியன்

அதைச் செய்யாதே. அதே நிறுவனத்தில் அதே பாடத்தை ஒரே பயிற்சிக் காலத்தில் இரண்டாம் முறை எடுத்தால், பாடத்தில் பெரிய மாற்றம் இருந்தாலொழிய மணி நேரம் தர மறுக்கலாம்.

இன்னொரு விஷயம் கேட்க மறந்தேன். போலீஸ் தகுதியில் அடுத்த படியான இடைநிலைச் சான்றிதழ் இருக்கிறதா, அடிப்படைதானா? அடிப்படை என்றால் நான்கு வருடச் சுற்று ஒன்று தனியாக ஓடுகிறது. 2021 செப்டம்பரில் தொடங்கியது, அதுவும் இந்த ஆகஸ்ட் 31-இல்தான் முடிகிறது. பி.எஸ்.ஆரில் இரண்டு வருடக் கணக்குக்குப் பக்கத்தில் அதையும் பார். பன்முகத்தன்மை முடிந்தது, சரி. சிறப்புப் புலனாய்வுப் பாடம் (3232), நெருக்கடித் தலையீடு, பதற்றம் தணித்தல் இவை எங்கே?

கேட்டி குமரன்

அடிப்படைச் சான்றிதழ்தான் அண்ணா. 3232-ஐயும் நெருக்கடித் தலையீட்டையும் 2022-இல் முடித்திருக்கிறேன், இரண்டும் பி.எஸ்.ஆரில் இருக்கின்றன. 1849 இல்லை.

டல்லாஸ் பாண்டியன்

அப்போ விடை கிடைத்துவிட்டது. 2022-இல் எடுத்தது நான்கு வருடச் சுற்றில் சேரும், இந்த 40-இல் சேராது. 1849-ஐ 8 மணி வகுப்பாக இப்போது எடுத்தால் சுற்றும் நிறையும், 40-உம் நிறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஆனால் சரியாக 40-இல் நிற்காதே. ஏதாவது ஒன்று ஏறாமல் போனால் கதை கந்தல். மைடிகோலிலேயே இலவச வகுப்புகள் உண்டு, அதில் ஒரு 4 மணி சேர்த்து வை. ஆகஸ்ட் கடைசி வாரம் வரை இழுக்காதே. வகுப்பு முடிந்த தேதிதான் கணக்கு என்றாலும், அந்த வாரத்தில் இடமே கிடைக்காது.

911 செல்வி

தம்பி, உங்கள் துறைத் தலைமைக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். நான்கு வருடப் பாடங்களுக்கு வழி செய்து தர வேண்டியது வேலைக்கு வைத்திருக்கும் துறைதான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ரிசர்வ் ஆட்களைப் பயிற்சிப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுவார்கள். நியாயமான காரணம் இருந்தால் கமிஷனிடம் விலக்குக் கேட்க வழியுண்டா என்றும் துறையிடமே கேளுங்கள்.

கேட்டி குமரன்

1849-க்கு ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பக்கத்து ஊர் அகாடமியில் இடம் கிடைத்துவிட்டது. அலர்ட் இன்று காலை ஏறிவிட்டது, 32 காட்டுகிறது. வெளிமாநில வகுப்பு நடத்தியவர்களிடம் அங்கீகாரம் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை, அதைக் கைவிட்டேன். சனிக்கிழமை பதிவேட்டில் பெயரையும் எண்ணையும் அச்சு எழுத்தில் எழுதி, போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். 40 ஏறியதும் இங்கே சொல்கிறேன்.