வாரயிறுதி வேலை தேடுகிறேன்: வழிகாட்டுங்கள்

குழுவிலுள்ள பெரியவர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் கணக்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து தினமும் சென்று வரும் டாக்ஸிச் செலவுக்கே அப்பாவின் சம்பளத்தில் ஒரு பங்கு கரைந்துவிடுவதால், சனி, ஞாயிறு மட்டும் செய்யக்கூடிய வேலை தேடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு கடையில் இரண்டு மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு அதற்கு மட்டுமே கூலி கொடுத்தார்கள். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தாலும் நான்கு மணி நேரக் கூலி தர வேண்டும் என்பதும், 2025 மார்ச் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கணக்கியல் மாணவனுக்கு இது வெட்கம்தான்.

கடைக் கணக்கு எழுதவோ, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதமும் தமிழும் சொல்லித்தரவோ என்னால் முடியும். அப்படி ஆள் தேடுபவர்களை அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். பாடம் சொல்லித்தர மணிக்கு எவ்வளவு கேட்பது முறை என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.