தானா ஊதுற மெத்தை பைக்குள்ள போகமாட்டேங்குது, எப்படி சுருட்டுறது?

பட்டிப்பொல_பயணி:
மெத்தை 183 செ.மீ. நீளம், 51 அகலம், 3.8 தடிப்பு. தலைமாட்டு மூலையில ஒரே ஒரு வால்வு. ஹோட்டன் சமவெளியில காலையில எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் கூட வந்த பையை விட ரெண்டு விரல் பெருசாவே நிக்குது. பட்டி போடுறதுக்குள்ள திரும்ப உப்புது. வால்வுல ஓட்டையா, நான் செய்றது பிழையா?

ஒஹிய_ஒற்றையடி:
வால்வுல பிழை இல்லை தம்பி. ஒரே சுருட்டுல முடிக்கப் பாக்குறதுதான் பிழை. இது வெறும் காத்துப் பை இல்லையே, உள்ள துளைத்துளையான ஸ்பொஞ்ச் துணியோட முழுக்க ஒட்டியிருக்கு. கையை எடுத்ததும் விரிஞ்சு காத்தை உறிஞ்சும். அதுதான் அதோட வேலையே.

முழிச்சதும் எழும்பாம, படுத்தபடியே வால்வைத் திறந்து விடுங்க. உடம்புப் பாரத்துலயே பாதிக் காத்து போயிரும். பிறகு டென்டுக்குள்ளயே, தரையைத் துடைச்சுட்டு, கால்மாட்டுல இருந்து வால்வு பக்கமா முழு அகலத்துல சுருட்டுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் முழங்காலை வச்சு அமுக்கணும். அழகு முக்கியமில்லை, காத்து போகணும். கடைசியில சுருள் மேல உக்காந்து பத்து எண்ணி, எழும்பாமலே வால்வை மூடுங்க.

இப்ப விரிச்சா தட்டையாவே கிடக்கும். அப்பதான் நீளவாக்குல ரெண்டா மடிக்கணும். முதல்லயே மடிச்சா மடிப்புல காத்து மாட்டிக்கும். மறுபடி கால்மாட்டுல இருந்து இறுக்கமா சுருட்டுங்க. மிச்சக் காத்து வால்வுகிட்ட வந்து குமியும். அமுக்கிப் பிடிச்சபடி ஒரு தரம் திறந்து, சீறல் நின்னதும் மூடி, பட்டியைப் போட்ட பிறகுதான் முழங்காலை எடுக்கணும்.

பையோட உயரத்தையும் அளந்து பாருங்க. ரெண்டா மடிச்சா அகலம் 25.5 செ.மீ. வரும். பை அதை விடக் கட்டையா இருந்தா மூணா மடிங்க, 17 வரும்.

நக்கிள்ஸ்_நடை:
ஒற்றையடி அண்ணே சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன்: சில வால்வுல உள்ள ஒருவழி மடல் இருக்கும். அது ஊதுற நிலையில இருந்தா ஆனை ஏறி உக்காந்தாலும் காத்து வெளியேறாது. சுருட்ட முன்னம் மடலைத் திருப்புங்க.

உயரமும் ஒரு காரணம். கொழும்புல மூடின சுருள் 2,100 மீட்டர் உயரத்துல இருக்கிற ஹோட்டன் சமவெளிக்கு ஏறும்போது வெளி அழுத்தம் குறையுறதால உப்பும். மேல மூடினது கீழ இறங்க இன்னும் ஒடுங்கும். அதனால மலையில அரை விரல் கூடினாலும் கவலைப்படாதீங்க.

பட்டிப்பொல_பயணி:
ரெண்டு சுருட்டுல பைக்குள்ள போயிருச்சு, நன்றி. இன்னொண்ணு: ஊதி வச்சா நடுவுல முட்டை அளவுல ஒரு புடைப்பு தெரியுது.

ஒஹிய_ஒற்றையடி:
அது ஸ்பொஞ்ச் துணியை விட்டுக் கழண்ட இடம். வெயில்ல ஊதினபடி விட்டா, வாயால அளவுக்கு மீறி ஊதினா, உள்ள ஈரம் நின்னா பசை விடும். பஞ்சர்னா சவர்க்காரத் தண்ணி பூசி, குமிழி வர்ற இடத்துல ஒட்டுப் போடலாம். ஆனா இந்தப் புடைப்புக்கு வீட்டு வைத்தியம் இல்லை. நாளாக ஆகப் பெருசாகும். உத்தரவாதம் இருந்தா இப்பவே கடையில காட்டுங்க.

நுவரெலியா_மூடுபனி:
வீட்டுக்கு வந்தும் பையிலயே வைக்காதீங்க. நம்ம ஊர் ஈரத்துல அதுதான் பெரிய கேடு. வாயால ஊதுன மூச்சு ஈரம் உள்ள தங்கி ஸ்பொஞ்ச் பூஞ்சணம் பிடிக்கும், மாசக்கணக்கா அமுங்கிக் கிடந்தா திரும்ப உப்புற பலமும் போயிரும். மேல் துணியை ஈரத்துணியால துடைச்சு, நிழல்ல காத்தாட விட்டு, வால்வைத் திறந்தபடி கட்டிலுக்கு அடியில விரிச்சு வைங்க. அலமாரிக்குப் பின்னால நிறுத்தலாம், ஆனா அந்தச் சுவர் வேர்க்காததா இருக்கணும். அடுப்பங்கரையில மட்டும் காய வைக்காதீங்க, சூட்டுல பசை இளகும்.