பால் எடுக்கும் பம்ப்பில் இழுவை இல்லை: காரைக்குடிப் பக்கம் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சி குழந்தைக்கு நாலு மாதம். தேவகோட்டையில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். தாய்ப்பால் எடுக்க அவள் வைத்திருப்பது சார்ஜ் போடும் ஒற்றை (ஒரு பக்கம் மட்டும் எடுக்கும்) எலக்ட்ரிக் பம்ப், வாரண்டி முடிந்தது. ஒரு வாரமாக மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, இழுவைதான் இல்லை. கால் மணி நேரத்தில் 90 மில்லி வந்தது, இப்போது 30 தாண்டவில்லை. குழந்தை நேரடியாகக் குடிக்கும்போது விழுங்குவது நன்றாகக் கேட்கிறது, ஒன்றுக்கும் வழக்கம்போலப் போகிறது. பால் குறையவில்லை, கோளாறு பம்ப்பில்தான்.

முதலில் சந்தேகப்பட்டது வாத்து மூக்கு வால்வை (பாலைக் கீழே மட்டும் விடும், வாத்து அலகு மாதிரி இருக்கும் சின்ன ரப்பர் துண்டு). கொதிநீரில் போட்டுப் போட்டு அதன் நுனிப் பிளவு விரிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரிந்தது. புதுசு மாற்றியாச்சு. டியூப், பால் டியூபுக்குள் போகாமல் தடுக்கும் சிலிக்கோன் மூடி எல்லாவற்றையும் ஈரமில்லாமல் காயவைத்து மாட்டினோம். மார்பில் வைக்கும் புனலை 24 மி.மீ.யிலிருந்து 21க்கு மாற்றியதில் காம்பு உரசும் வலி போனது, இழுவை வரவில்லை. டியூபைக் கழற்றி மோட்டார் துளையை விரலால் அடைத்தாலும் இழுப்பதே இல்லை, அதனால் கோளாறு மோட்டார் பகுதியில்தான் போல.

பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க இப்போதைக்குக் கையால்தான் பீய்ச்சுகிறாள். வேலை இடத்தில் அதற்கு நேரம் போதவில்லை, பாவம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் மாதிரிப் பெரிய பம்ப் எங்கே வாடகைக்குக் கிடைக்கும்?